எரியுதுன்னா மீட்டர் ஓடணும்

உக்காருங்க அம்மிணி, உக்காருங்க. தூணுக்கு அக்கட்டால வேண்டாம், பத்து மணிக்கு மேல அங்க வெயில் வந்துரும். பத்து மாசமாத் திங்கக்கிழமை தவறாம இந்தக் கலெக்டர் ஆபீஸ் வராண்டாவுக்கு வர்றவன் நான். எந்தத் தூணுக்கு எப்ப வெயில்னு எனக்குத் தெரியும். டோக்கன் எத்தனைங்க? அறுபத்திமூணா? நான் அறுபத்திரெண்டு. நல்லதாப் போச்சு.

அந்த மீசைக்காரரு ஏன் உங்களை மொறைக்கறாருன்னு பாக்கறீங்களா? அவரு அறுபத்திநாலு. என் பக்கத்துல உக்காரணும்னு காலையில ஆறரைக்கே வந்தாராம், டோக்கன் குடுக்கற நேரம் பாத்து டீ குடிக்கப் போயிட்டாரு. என் பக்கத்துல உக்கார எல்லாரும் அடிச்சுக்கறாங்க. ராசியான ஆளாம் நான். நீங்க அதுக்கு வரலீங்கல்ல? மொகத்தப் பாத்தாலே தெரியுது, நீங்க புதுசு.

என்ன விசயமா வந்தீங்க? பாலமா? ஓடைக்குப் பாலம். மழை வந்தா புள்ளைங்க பள்ளிக்கூடம் போக முடியறதில்ல. போன ஐப்பசியில ஒரு கொழந்தையத் தண்ணி இழுத்துட்டுப் போயி, அரச மரத்து வேரு தடுத்து நிறுத்துச்சா? ஐயோ சாமி. உங்க புள்ளையா? ம். எத்தனாவது மனு இது? அஞ்சாவதா. மனசத் தளர விடாதீங்க. எனக்கு இது நாப்பத்திரெண்டாவது.

என் மனு என்னன்னு கேக்கறீங்களா? கேக்கலியா. சரி, கேட்டீங்கன்னே வெச்சுக்குவோம். இப்பத்தான் பதினெட்டாம் நம்பரைக் கூப்புடறாங்க, நேரம் கெடக்குது.

என் பேரு சென்னியப்பன். கரண்ட் ஆபீசுல முப்பத்தொரு வருசம் ரீடிங் எடுத்தவன். வீடு வீடாப் போயி, மீட்டரைப் பாத்து, வெள்ளை அட்டையில எழுதிக் குடுக்கற வேலை. எட்டுத் தடவ நாய் கடிச்சிருக்குது. ஒருக்கா வாத்து. நாய் கடிச்சா லீவு குடுத்தாங்க, வாத்துக் கடிச்சதுக்குக் குடுக்கல. அது வேற கதை, அதுக்குத் தனி மனு இருக்குது.

ஒரே ஒரு சட்டந்தாங்க என் வாழ்க்கையில. எரியுதுன்னா மீட்டர் ஓடணும். ஓடலைன்னா எரியக் கூடாது. எனக்குச் சாமி கெடையாது, பூதம் கெடையாது, சகுனம் கெடையாது. பூனை குறுக்க போனா நான் பூனைக்கு வழி விட்டுட்டுப் போவேன், அவ்வளவுதான். மீட்டர் ஒண்ணுதான் பொய் சொல்லாது.

அப்படிப்பட்டவனைக் கொண்டு போயி பாவடித் தெருவுல போட்டாங்க. அங்க பதினாலாம் நம்பர் வீடு. வாசல்ல போர்டு தொங்கும், 'பெரியநாயகி மகளிர் அப்பளக் குழு'ன்னு. ஒம்பது பொம்பளைங்க. தலைவி பேரு கமலாத்தா, ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட அம்மா. நான் மொதல் நாள் போறேன். உள்ள பதினோரு ட்யூப் லைட்டு எரியுது, ஆறு ஃபேன் சுத்துது, மாவு மெசின் ஓடுது. மீட்டரைப் பாக்கறேன். சுழி.

மீட்டர் போயிருச்சுன்னு நெனச்சு புதுசு மாத்தினேன். சுழி. அதையும் மாத்தினேன். சுழி. மூணாவது மீட்டரை என் கையால எங்க வீட்டுல மாட்டிப் பாத்தேன், குதிரையாட்டம் ஓடுச்சு. திருப்பிக் கொண்டு போயி பதினாலுல மாட்டினேன். சுழி. வெள்ளை அட்டையப் பாத்தீங்கன்னா பூரா முட்டை. கோழிப் பண்ணையில கூட அத்தனை முட்டை இருக்காது.

எங்க இஞ்சினியர்கிட்டச் சொன்னனுங்க. அவரு அட்டையப் பாத்தாரு. "ஏனப்பா சென்னியப்பா, நூறு யூனிட் எல்லாருக்கும் இலவசம். அவங்க ஓட்டியிருக்கறது சுழி. நீ நூறு எழுதினாலும் பில்லு இல்ல, சுழி எழுதினாலும் பில்லு இல்ல. எதுக்கு உனக்கு வயித்தெரிச்சல்?" அப்படீன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. பில்லா அம்மிணி பிரச்சினை? கரண்டு இல்லாம லைட்டு எரியுதுங்கறேன், அது அவருக்குப் பெருசாத் தெரியல.

அப்புறம் நான் கவனிக்க ஆரம்பிச்சேன். ஐப்பசி மாசம், நல்லாக் கொட்டற மழை. தெருவே மொட்டை மாடிக்கு ஓடுது, காயப் போட்ட மொளகாயை அள்ள. பதினாலாம் நம்பர்ல அப்பத்தான் அப்பளத்தை எடுத்துட்டு மேல வர்றாங்க, காய வெக்க. மழையில. அரை மணி நேரத்துல மொறுமொறுன்னு அள்ளிட்டுப் போனாங்க. தேதி, நேரம், சாட்சிக்கு எதுத்த வீட்டுக்காரர் பேரு எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். எதுத்த வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன், பாத்தீங்களான்னு. "பாத்தனுங்கண்ணா, அப்பளம் நல்லா இருக்கும், ஒரு பாக்கெட்டு வாங்கிப் பாருங்க"ங்கறாரு.

ஆட்டுக்கல்லுல குழவி தானா சுத்தும். சுத்தியும் ஒம்பது பேரும் உக்காந்து, சீரியல்ல அந்த மாமியார் செத்துருவாளா மாட்டாளான்னு பேசிட்டு இருப்பாங்க. ஒருத்தர் கை கூடக் கல்லு மேல படாது. சன்னல் வழியா நானே பாத்தேன். கமலாத்தா என்னைப் பாத்துட்டு, "தம்பி, உள்ள வாங்க, மோர் குடிக்கறீங்களா"ன்னாங்க. மறைக்கவே இல்ல பாருங்க. கதவு தொறந்துதான் கெடக்கும் எப்பவும். அதான் அவங்க தந்திரம். பூட்டி வெச்சா யாராவது எட்டிப் பாப்பாங்கல்ல?

ஒரு வீடுதான்னு நெனச்சிராதீங்க. ஊறுகாய் போடறதுல ஒரு கூட்டம், முறுக்குச் சுத்தறதுல ஒரு கூட்டம், ஊதுவத்தி உருட்டறதுல ஒரு கூட்டம். மாசத்துல ஒரு நாள் மண்டபம் புடிச்சு எல்லாரும் சேருவாங்க. கேட்டா, "நாங்க சுய உதவிக் குழுங்க"ன்னு சொல்லுவாங்க. அந்த வார்த்தையச் சித்த யோசிச்சுப் பாருங்க அம்மிணி. சுய உதவி. குழவி தானாச் சுத்துது, மாவு தானா உருளுது, லைட்டு தானா எரியுது. அது சுய உதவி இல்லாம என்ன? போர்டுலயே எழுதி மாட்டிட்டு மொத்த அரசாங்கத்தையும் ஏமாத்தறாங்க.

எனக்கு மந்திரத்துல நம்பிக்கை இல்லீங்க. மந்திரம்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அது கெடையாதுன்னு நிரூபிக்கணும்னா, பண்றவங்களைக் கையும் களவுமாப் புடிக்கணும்ல? அதைத்தான் நான் பண்ணிட்டு இருக்கேன்.

வேவு பாக்க ஆள் வேணும்னு என் சம்சாரத்தையே அங்க சேத்து விட்டேன். துளசிமணின்னு பேரு. பன்னண்டு வருசமாச்சு. வாரத்துல மூணு நாள் போயி அப்பளம் உருட்டிட்டு வருவா. வந்ததும் நோட்டை எடுத்து வெச்சுட்டுக் கேப்பேன், இன்னிக்கு என்ன பாத்தேன்னு. "ஒண்ணுமில்லீங்க மாமா, அப்பளந்தான்"னு சொல்லுவா. நாலு நோட்டுப் பூரா இருக்குது, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு. அவளுக்குப் பொய் சொல்ல வராது, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். அவ கண்ணு முன்னால எதையும் பண்ணாம அவ்வளவு சாக்கிரதையா இருக்கறாங்கன்னு அர்த்தம்.

குடும்பத்துக்குன்னா அவளை மாதிரி ஆள் கெடைக்காது. எங்க வீட்டுல ஒரு கேஸ் சிலிண்டர் பதினாலு மாசம் வரும்னா நம்புவீங்களா? அவ்வளவு சிக்கனம். பால் ஒரு நாள் பொங்கி வழிஞ்சதில்ல. அவ இல்லீன்னா எனக்கு ஒரு நாள் ஓடாது.

அப்பறந்தான் அந்த விபத்து. ஏழு வருசத்துக்கு முன்னாடி, ஒரு செவ்வாக்கிழமை. காலையில பதினோரு மணி. அன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிரணும்னு போயி, மீட்டர் பொட்டியத் தொறந்து, ஸ்க்ரூ ட்ரைவரை உள்ள விட்டேன். சுழி காட்டற மீட்டர். கரண்டே போகாத மீட்டர். அதுல எனக்கு ஷாக் அடிச்சுதுங்க அம்மிணி. தூக்கி எறிஞ்சு, வாசப்படியில பின்மண்டை பட்டது வரைக்குந்தான் ஞாபகம்.

கண்ணு முழிக்கறேன். ஒம்பது பொம்பளைங்களும் என்னைச் சுத்தி உக்காந்திருக்காங்க. மூஞ்செல்லாம் வேர்வை. கமலாத்தா மூக்குத்தி ரெண்டும் கறுத்துப் போயிருக்குது. துளசிமணி என் தலைய மடியில வெச்சுட்டு, தொண்டை கட்டற அளவுக்கு அழுதிருக்கா. சட்டையக் கழட்டி, என் நெஞ்சு மேல ஒரு பச்சை அப்பளத்தை ஒட்டி வெச்சிருக்காங்க. காயாத அப்பளம், இப்பத்தான் உருட்டினது. நான் மொதல்ல கேட்டது என்ன தெரியுங்களா? "ரீடிங் எவ்வளவு?" கமலாத்தா சிரிச்சிட்டு, "சுழிதான் தம்பி"ன்னாங்க.

நேரம் பாத்தேன். சாங்காலம் அஞ்சு. ஆறு மணி நேரம் மயக்கம். பக்கத்து டாக்டர் வந்து பாத்துட்டு ஏதோ சர்ட்டிபிகேட் எழுதிக் குடுத்துட்டுப் போனாராம். துளசிமணி அதை எங்கியோ மடிச்சு வெச்சுட்டா, இன்னிக்கு வரைக்கும் எனக்குக் காட்டல. மெடிக்கல் லீவுக்கு ஆகும், குடுன்னேன். அதுக்கு ஆகாதுங்க மாமான்னுட்டா.

அன்னியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பதினாலாம் நம்பர்ல இருந்து ஒரு பச்சை அப்பளம் வாங்கிட்டு வந்து, என் நெஞ்சுல ஒட்டி, மேல பனியன் போட்டு விடுவா. சூட்டுக்கு நல்லதாம். கை வைத்தியம். நான் நம்பறதில்ல. ஆனா பொண்டாட்டி ஆசையா ஒண்ணு பண்றப்ப வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? இப்பக் கூட இருக்குது, இந்தாங்க, தொட்டுப் பாருங்க, பனியனுக்கு உள்ள, வட்டமா. கூச்சப்படாதீங்க, அப்பளந்தான்.

ஒரே ஒரு வெள்ளிக்கிழமை தவறிப் போச்சு. அவ சொந்தக்கார ஒறம்பரை வீட்டுக் கண்ணாலத்துக்குப் போனா, பஸ்ஸு மறியல், வர முடியல. சனிக்கிழமை காலையில எனக்குக் கை தூக்க வரல. பல்லு வெளக்கப் போனவன் அங்கியே சாஞ்சுட்டேன். ஒடம்பு சில்லுன்னு ஆயிருச்சு, கட்டையாட்டம் கெடக்கறேன். மூச்சு இழுக்கணும்னு கூடத் தோணல, அது பாட்டுக்கு நின்னு போச்சு. ஈ வந்து கண்ணு மேல உக்காருது, அதை ஓட்டணும்னு தோணல. மத்தியானம் துளசிமணி ஓடி வந்தா. நேரா பதினாலுக்குப் போயிட்டுத்தான் வீட்டுக்கே வந்தாளாம். அப்பளத்தை நெஞ்சுல வெச்சு அமுக்கினா. எந்திரிச்சு உக்காந்து, காப்பி கேட்டேன். வாயுங்க அது. மொச்சக்கொட்டை எனக்கு ஆகாது.

ஒடம்புன்னு வந்ததும் இன்னொண்ணு ஞாபகம் வருது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்க தெருவுல இலவச மருத்துவ முகாம் போட்டாங்க. ஈசிஜி எடுக்கறோம்னு ஒரு நர்ஸம்மா என்னைப் படுக்க வெச்சு, ஒயரெல்லாம் மாட்டிச்சு. பேப்பர் வருது. நேர் கோடு. அடிக்கோல் வெச்சுப் போட்ட மாதிரி. இன்னொரு மெசின் கொண்டாந்தாங்க. நேர் கோடு. பெரிய டாக்டரே வந்து ஸ்டெத்தை வெச்சாரு. அப்பளத்து மேல வெச்சா எப்படிக் கேக்கும்? எடுத்துரட்டுமான்னு கேட்டேன். துளசிமணி பாஞ்சு வந்து கையப் புடிச்சுட்டா. டாக்டர் என்னையே நெம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் சன்னமான கொரல்ல, "சாப்பாடெல்லாம் எப்படீங்க?" அப்படீன்னு கேட்டாரு. நல்லாச் சாப்புடறேன்னேன். "அப்ப சரிங்க"ன்னு சொல்லிட்டு முகாமையே சுருட்டிட்டுப் போயிட்டாரு.

ரெண்டு மெசினும் ரிப்பேரு. இல்ல, நீங்க நெனைக்கறது புரியுது. மீட்டர் பொய் சொல்லாதுன்னு சொன்னியே, இப்ப என்னன்னு கேக்கறீங்க. மீட்டர் வேற, மெசின் வேறங்க. ஆளு நடமாடறான், பேசறான், மொச்சக்கொட்டை திங்கறான், கோடு மட்டும் நேரா வருதுன்னா கோட்டுலதானே தப்பு இருக்கணும்?

என்னம்மிணி என் மணிக்கட்டைப் புடிச்சுப் பாக்கறீங்க? நேரம் பாக்கறதுன்னா வாட்ச் இந்தக் கையில.

பதினொண்ணே காலுங்களா? நாப்பதாம் நம்பர் போயிட்டு இருக்கு.

வேலையில இருந்துட்டு மனு போடக் கூடாது, விதி இருக்குது. போன வருசம் ரிட்டயர் ஆனேன். அடுத்த திங்கக்கிழமையே மொத மனு. பதினாலாம் நம்பரைச் சோதனை போட்டு, அந்தக் குழுவைக் கலைச்சு, வீட்டைப் பூட்டி சீல் வெக்கணும்னு. நெஞ்ச நிமித்திட்டுப் போயிக் குடுத்தேன். கலெக்டர் பிரிச்சுப் படிச்சாரு. நிமிந்து பாத்து, "தண்ணித் தொட்டி தானேங்க பெரியவரே? நடவடிக்கை எடுக்கறோம்"னாரு. ஐயா, தொட்டி இல்லீங்க, அப்பளம்னேன். பக்கத்துல இருந்தவங்க என்னைக் கைத்தாங்கலா வெளிய கூட்டிட்டு வந்துட்டாங்க. ரெண்டு மாசத்துல யாரோ ஒரு ஊர்ல தண்ணித் தொட்டி கட்டிட்டாங்க. அந்த ஊருப் பேரே எனக்குத் தெரியாது. அன்னிக்கு என் பக்கத்துல ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரு, அவரு அந்த ஊருன்னு பொறவு தெரிஞ்சுது.

ரெண்டாவது மனு, யாரோ ஒரு கெழவிக்கு உதவித்தொகை. மூணாவது, பஸ் ஸ்டாப்பு. நாலாவது, பள்ளிக்கூடத்துக்குக் கக்கூசு. நான் கொண்டு போறது அப்பளம், அங்க பிரிச்சா வேற என்னவோ. நாப்பத்தொரு மனு. நாப்பத்தொண்ணுக்கும் உத்தரவு போட்டுட்டாங்க. எது எதுவோ நெறைவேறிருச்சு, என்னுது ஒண்ணைத் தவிர. பஸ் ஸ்டாப்புல என் போட்டோ போட்டு 'மனு மன்னர் சென்னியப்பன் ஐயாவுக்கு நன்றி'ன்னு பேனர் வெச்சிருக்காங்க. பொன்னாடை மட்டும் பீரோவுல பத்தொம்பது இருக்குது. எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. ஒரு மனுசன் சத்தியத்தைச் சொல்லப் போறான், அவன் தோள்ல சால்வையப் போத்தி அனுப்பிர்றாங்க. வீட்டுக்குப் போயி அழுதிருக்கேன் அம்மிணி, வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

எப்படி நடக்குதுன்னு யோசிச்சு யோசிச்சு, கண்டு புடிச்சிட்டேன். பக்கத்துல இருக்கற மனுவுல இருந்து எழுத்து எந்திரிச்சு என் மனுவுக்குத் தாவுது. அந்தப் பொம்பளைங்க அங்க உக்காந்துட்டே இங்க எழுத்தைத் தாவ வெக்கறாங்க.

அதுக்குத்தான் இன்னிக்கு இது. இந்தா பாருங்க, ரெக்சின் கவரு. வாயை மடிச்சு, கம்பி கோத்து, ஈய சீல் வெச்சு அமுக்கிட்டேன். மீட்டர் சீலு. வெச்சது வெச்சதுதான், எறும்பு நொழையாது. கேட்டு வாசல்ல போலீஸ்காரம்மா பையச் சோதனை பண்ணுச்சு, மண்ணெண்ணெய் இருக்குதான்னு. உள்ள சீல் வெக்கற கொறடு, ஒரு கை சீலு, ஒரு டப்பா தயிர்ச் சோறு, பொரிச்ச அப்பளம். என்னையும் பாத்துச்சு, அப்பளத்தையும் பாத்துச்சு, போங்கன்னுருச்சு.

இன்னிக்கு மனுவுல தேதி போட்டு எழுதிருக்கேன். இந்த வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குள்ள பதினாலாம் நம்பருக்குச் சீல் வெக்கணும். ஒரு அப்பளம் கூட வெளிய போகக் கூடாது. கலெக்டர் புதுசு, கண்டிப்பானவராம். படிச்சாருன்னா உடனே செஞ்சுருவாரு.

காலையில கெளம்பறப்ப துளசிமணி வாசல்ல நின்னா. கிளிப்பச்சைச் சேலை. "இன்னிக்கும் போகணுங்களா மாமா? நாம பாட்டுக்கு இருந்துக்கலாமே"ன்னா. கண்ணு செவந்திருந்துது. வெங்காயம். ஊருக்கு ஒரு நியாயம் வேணும் துளசின்னேன். டப்பாவை எடுத்துக் குடுத்தா. நீ எங்கடி கெளம்பிட்டேன்னேன், அப்பளக் குழுவுக்குன்னா.

எல்லாத்தையும் பாத்துப் பாத்து எடுத்து வெப்பா, திங்கக்கிழமையானா என் கண்ணாடிய மட்டும் மறந்துருவா. நாப்பத்திரெண்டு வாரமும் மறந்துட்டா. வயசாகுதில்லீங்களா அவளுக்கும். கண்ணாடி இல்லீன்னா எனக்குப் பத்தடிக்கு அக்கட்டால எல்லாம் பொகை, கிட்டக்க எழுத்தெல்லாம் எறும்பு.

இந்தாங்க, இது உங்களுக்கு. பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கா பாருங்க, ரெண்டு அப்பளம். பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்குக் குடுங்கன்னு ஒவ்வொரு வாரமும் தனியாக் கட்டிக் குடுப்பா. நான் தயிர்ச் சோத்தைப் பாக்கறேன், நீங்க சாப்புடுங்க.

ஏனுங், அப்பளத்தைச் சாப்புடாம பேப்பரையே பாத்துட்டு இருக்கறீங்க? ஏதாச்சும் எழுதிருக்குதா? பழைய மளிகை லிஸ்ட்டா இருக்கும், நோட்டுப் பேப்பரைக் கிழிச்சுத்தான் சுத்துவா. போன வாரம் ஒரு மில்லுக்காரத் தம்பியும் இதே மாதிரித்தான், பேப்பரைப் படிச்சிட்டுத் தேம்பித் தேம்பி அழுதுச்சு. மொளகு தூக்கலான்னு கேட்டேன். ஆமாங்கய்யான்னுச்சு. உங்களுக்கும் கண்ணு கலங்குதே. சொல்லணும் இவகிட்ட, மொளகு கொறைக்கச் சொல்லி.

ஐம்பத்தஞ்சு கூப்புட்டாச்சு. அம்மிணி, ஒரு ஒத்தாசை. கடைசியா ஒருக்கா அந்தக் கோரிக்கைப் பத்திய மட்டும் எனக்குப் படிச்சுக் காட்டறீங்களா? எழுத்துத் தாவியிருக்குதா இல்லியான்னு தெரிஞ்சுக்கணும். கொறட்டால கம்பியத் துண்டு பண்ணுங்க. பயப்படாதீங்க, வேற சீலு இருக்குது.

படிங்க.

ம். 'வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள்.' ஆமா. 'எந்தப் பொருளும் அவ்வீட்டை விட்டு வெளியே செல்லாதபடி.' ஆமா, ஆமா. ஏன் நிறுத்திட்டீங்க? கொரல் ஏன் கம்முது, மொளகா? விடுங்க, போதும். தாவல. ஒரு எழுத்துத் தாவல. நாப்பத்திரெண்டு வாரத்துல இன்னிக்குத்தாங்க எனக்கு மனசு நெறைஞ்சிருக்குது. நீங்க படிச்சீங்க பாருங்க, அதுவே எனக்குப் பெருசு. இது வரைக்கும் யாரும் சத்தம் போட்டு அவ்வளவு தூரம் படிச்சதில்ல.

நான் போயி இந்த டப்பாவைக் கழுவிட்டு, ஒண்ணுக்கு இருந்துட்டு வந்துர்றேன். நீங்க மனுவை உள்ள வெச்சு, வாயை மடிச்சு, இந்தக் கம்பியக் கோத்து, சீலைக் கொறட்டுப் பல்லுல வெச்சு ஒரு அமுக்கு. டக்குன்னு சத்தம் வரும். அவ்வளவுதான். பத்தரமுங்க. உங்க மொகத்தைப் பாத்தா நம்பலாம்னு தோணுது, அதான் குடுத்துட்டுப் போறேன்.

வந்துட்டனுங்க. குழாயடியில கூட்டம். எங்க, குடுங்க பாக்கலாம். பெருவெரலால தடவிப் பாத்தாலே எனக்குத் தெரியும். அட. அருமையா அமுக்கியிருக்கீங்க. ரீடிங் எடுக்க வந்திருக்க வேண்டிய கை இது. இனி கலெக்டர் கையாலதான் பிரிக்கணும்.

உங்க மனு எங்கீங்க? கையிலயே வெச்சிருந்தீங்களே? பைக்குள்ள வெச்சுட்டீங்களா, சரி. பாலத்தைப் பத்தி ஒண்ணும் வெசனப்படாதீங்க. கண்டிப்பாக் கெடைச்சுரும். என் பக்கத்துல உக்காந்தவங்க யாரும் இது வரைக்கும் வெறுங்கையோட போனதில்ல. எனக்குத்தான் வாய்க்கல. இன்னிக்கு வாய்ச்சுரும்.

அறுபத்திரெண்டுங்கறாங்க. எந்திரிக்கறேன், சித்தக் கையக் குடுங்க. கையை விடுங்க அம்மிணி, போயிட்டு வந்துர்றேன், எதுக்கு இப்படி இறுக்கிப் புடிக்கறீங்க?

அங்க பாருங்க, கேட்டு வாசல்ல. பச்சைச் சேலையில ஒரு பொம்பளை நிக்கறாங்களே, தெரியுதுங்களா? இங்க பாத்து ரெண்டு கையும் தூக்கிக் கும்புடறாங்க. என்னை இல்ல, உங்களைத்தான். கண்ணாடி இல்லாததால மொகந் தெரியல. உங்க ஊர்க்காரங்களா? முந்தானைய மூஞ்சிக்குக் கொண்டு போறாங்க, அழுவாதீங்கன்னு சொல்லுங்க. பாலம் வந்துருமாம்னு சொல்லுங்க.